காகிதம் வந்ததா?

மாலை ஏழு மணிக்கு மதுரைப் பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றி மூன்று விதமான சீட்டுகள் அச்சாகிக்கொண்டிருக்கும். திருப்பரங்குன்றத்திலிருந்து பெரியார் நிலையத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கையிலுள்ள மெஷின் டிக்கெட்டைத் தள்ளும். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு மளிகைக் கடையில், செல்போனில் போட்ட கணக்கு கல்லா ஓரத்திலிருக்கும் சின்னப் பிரிண்டரில் பில்லாக வரும். புரோட்டாக் கடையில் அப்போதுதான் கல் சூடேறியிருக்கும். சப்ளையர் மேசையருகே நின்று போனில் தட்டிய ஆர்டர், அடுப்படிச் சுவரில் மாட்டிய பிரிண்டரில் சீட்டாக இறங்கும். மூன்றிலும் ஓடுவது ஒரே வகைத் தாள். மை கிடையாது, ரிப்பன் கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கும், அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணி நிலையம் வருவதற்கு முன்னால் தென்மாவட்ட பஸ்கள் இந்தப் பழங்காநத்தத்திலிருந்துதான் புறப்பட்டன. அன்றைக்குக் கண்டக்டர் கையில் மெஷின் இல்லை. விலைவாரியாகக் கட்டுக் கட்டாக டிக்கெட் இருக்கும். ஒவ்வொன்றிலும் அச்சகத்திலேயே எண் அடித்து வந்திருக்கும். எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுத்தால் கட்டில் ஒன்று குறையும். அடுத்து நிற்கிற எண்ணைப் பார்த்தாலே எத்தனை விற்றது என்று தெரிந்துவிடும். அச்சு என்றைக்கோ நடந்து முடிந்துவிட்டது, விற்பனை மட்டும் இன்றைக்கு நடக்கிறது. ஆகவே ‘டிக்கெட் அச்சானதா, இல்லையா’ என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமே இல்லை. செல்போனும் கைமெஷினும் வந்த பிறகு இந்த இரண்டு செயலும் ஒரே நொடிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. பணம் கைமாறும் அதே நேரத்தில் தாளும் அச்சாக வேண்டும். சந்தேகம் நுழைந்தது அந்த நொடியில்தான்.

பில் போடும் செயலி எழுதுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். திரையின் அழகு, வரிக் கணக்கு, சரக்கு இருப்பு எல்லாவற்றையும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். பிரிண்டர் என்றதும் முகம் மாறும். “மத்ததெல்லாம் சமாளிச்சிரலாம் சார், பிரிண்டருதான் உசிர எடுக்கும்” என்பார்கள். காரணம் எளிது. கணக்கு, திரை, சேமிப்பு எல்லாம் நிரலின் ஆட்சிக்கு உட்பட்டவை. ஒரு வரி எழுதினால் அது நடந்ததா என்று அடுத்த வரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காகிதம் அந்த ஆட்சிக்கு வெளியே கிடக்கிறது. ரோல் தீரும், மூடி சரியாக அடையாது, பேட்டரி இறங்கும், கடைப் பையன் துடைக்கும்போது ஒயர் கழன்றுவிடும். இதில் எதையும் நிரல் பார்க்க முடியாது. பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி என்ன சொல்லலாம், எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதே அச்சுப்பணியை நிர்வகிக்கும் நிரலின் முழுப் பிரச்சினை. தொழில்நுட்பக் கேள்வியாகத் தொடங்கும் இது சீக்கிரமே நேர்மை பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

முதலில் புத்தகத்தில் உள்ளபடி பார்ப்போம். ஐபோனுக்கு ஏர்பிரிண்ட் 2010-இல் வந்தது. ஆண்ட்ராய்டில் 2013-இல் வந்த 4.4 பதிப்பில்தான் அச்சுக்கென்று ஒரு முறையான ஏற்பாடு சேர்ந்தது. அதில் செயலி நேரடியாகப் பிரிண்டருடன் பேசுவதில்லை. பிரிண்ட் மேனேஜர் என்ற பகுதியிடம் ‘இதை அச்சடிக்க வேண்டும்’ என்று கொடுத்தால், அது ஒரு அச்சுப்பணியை உருவாக்கி அதற்கான அடையாளத்தைத் திருப்பித் தரும். பிறகு தாளின் அளவு என்ன, எத்தனை பக்கம் வரும் என்று செயலியைக் கேட்கும். பயனர் தாள் அளவை மாற்றினால் மறுபடியும் கேட்கும். எல்லாம் முடிவானதும் பக்கங்களைப் பிடிஎஃப்ஆக வாங்கி வரிசையில் போடும். வரிசையை ஓட்டுவது ஸ்பூலர் என்ற தனிச் செயலி. பணிக்கு ஏழு நிலைகள்: உருவானது, வரிசையில் நிற்கிறது, தொடங்கியது, தடைபட்டது, முடிந்தது, தோற்றது, ரத்தானது. எந்த நிலையில் இருக்கிறது என்று செயலி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ரத்து செய்யச் சொல்லலாம். தோற்றதை மறுபடி ஓட்டச் சொல்லலாம். தான் கொடுத்த பணிகள் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துச் செயலி என்ன அச்சடிக்கிறது என்று எட்டிப் பார்க்க வழியில்லை.

ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் அந்த ஏழில் ‘முடிந்தது’ என்று சொல்வது யார்? பிரிண்டர் கம்பெனி எழுதிக் கொடுத்த ஓர் இடைநிரல். அந்த இடைநிரலுக்கு எப்படித் தெரியும்? நல்ல பிரிண்டராக இருந்தால் அது திருப்பிச் சொல்லும். இல்லாவிட்டால், தரவு முழுவதையும் அனுப்பியாயிற்று என்பதையே முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, படித்துவிட்டார்கள் என்று குறித்துக்கொள்வது மாதிரி. போட்டது உண்மை. படித்தது நம் ஊகம்.

பழங்காநத்தத்தின் கல்லாக்களில் இந்த ஒழுங்கான ஏற்பாடுகூட அதிகம் புழங்குவதில்லை. அது ஏ4 தாளுக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றது. இங்கே இருப்பவை 58 மில்லிமீட்டர் ரோல் போடும் புளூடூத் பிரிண்டர்கள். கடைக்காரர்களுக்கு இவை ‘டூ இன்ச்’. பெரிய ஹோட்டல்களில் இருக்கும் 80 மில்லிமீட்டர் பிரிண்டர் ‘த்ரீ இன்ச்’. இவற்றோடு செயலி நேரடியாகவே பேசுகிறது. புளூடூத் இணைப்பு பழைய சீரியல் ஒயர் போல நடிக்கும். அதன் வழியே எண்களைத் தள்ள வேண்டும். என்ன எண்கள் என்பதற்கு ஜப்பானின் எப்சன் கம்பெனி வகுத்த கட்டளைத் தொகுதி இருக்கிறது. பெரும்பாலான மலிவுப் பிரிண்டர்கள் அதையே பின்பற்றுகின்றன. 27, 64 என்று அனுப்பினால் பிரிண்டர் பழையதை மறந்து புதிதாக ஆரம்பிக்கும். 10 என்றால் ஒரு வரி கீழே இறங்கும். நடுவில் எழுத்துகளுக்குரிய எண்கள். இங்கே ஸ்பூலர் இல்லை, ஏழு நிலைகள் இல்லை, தடைபட்டது என்று சொல்ல ஆளில்லை. அதையெல்லாம் செயலி எழுதுகிறவரே கட்ட வேண்டும். பலர் கட்டுவதில்லை. பட்டனை அழுத்தினால் எண்களைத் தள்ளிவிட்டு ‘பில் பிரிண்ட் செய்யப்பட்டது’ என்று திரையில் பச்சை நிறத்தில் காட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பச்சை எழுத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். பிரிண்டர் நாலு வரி ஓடி நின்றுவிட்டது. திரை முடிந்தது என்கிறது. கடைக்காரர் மறுபடி அழுத்துகிறார். ஒன்றும் வரவில்லை. பிரிண்டரைத் தட்டுகிறார், மூடியைத் திறந்து அழுத்தி அடைக்கிறார். இப்போது பழைய பில்லின் மிச்சம், அதைத் தொடர்ந்து புதிய பில் முழுதும், அடுத்ததாக இன்னொரு பில் என்று ஒன்றரை முழத்துக்குத் தாள் வந்து விழுகிறது. செயலி மோசமாக எழுதப்பட்டிருந்தால் பட்டனை அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒரு புது பில் எண் போட்டு, விற்பனையையும் இரண்டு மூன்றாகக் கணக்கில் ஏற்றியிருக்கும். ராத்திரி கல்லாவை எண்ணும்போது பணம் குறைகிறது. வேலைக்கு நிற்கிற பையன் மேல் சந்தேகம் விழுகிறது. ஒரு நிரலின் சோம்பல் ஒருவனின் பெயரைக் கெடுக்கும் இடம் இது.

பிரிண்டரைக் குறை சொல்லி இதிலிருந்து தப்பிக்க முடியாது. இதன் அடியில் கணினி அறிவியல் வெகுகாலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட ஓர் இயலாமை இருக்கிறது. பழங்காநத்தத்து மொட்டைமாடி எதிலாவது ஏறினால் தெரியும் மலைகளை வைத்தே சொல்லலாம். ஒரு படை பசுமலையில் நிற்கிறது, துணைப்படை நாகமலையில். இரண்டும் ஒன்றாக இறங்கினால்தான் வெற்றி. இடையிலுள்ள சமவெளியில் எதிரி இருக்கிறான். ‘விடியலில் இறங்குகிறோம்’ என்று ஆள் அனுப்பினால், அவன் போய்ச் சேர்ந்தானா என்று தெரியாது. ‘சேர்ந்தான்’ என்று பதில் வர வேண்டும். பதில் கொண்டுவருபவன் வந்து சேர்ந்தானா என்று அங்கிருப்பவனுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு பதில் வேண்டும். எத்தனை ஆள் அனுப்பினாலும் கடைசியாகப் போனவனைப் பற்றிய சந்தேகம் தீரவே தீராது. 1975-இல் வெளியான ஓர் ஆய்வுரை இந்தச் சிக்கலை விளக்கியது. 1978-இல் ஜிம் கிரே என்ற அமெரிக்க அறிஞர் இரு தளபதிகள் கதையாக அதற்குப் பெயர் கொடுத்தார். நம்ப முடியாத ஒயருக்கு இருபுறமும் இருப்பவர்கள் முழு நிச்சயத்தோடு உடன்பட முடியாது என்பது நிறுவப்பட்ட உண்மை. செல்போன் ஒரு மலை, பிரிண்டர் ஒரு மலை.

நிச்சயம் கிடைக்காது என்றால் மிஞ்சுவது ஒன்றுதான்: எந்தத் தவறு நடந்தால் பரவாயில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்வது. பதில் வராதபோது மறுபடி அனுப்பினால், சில சமயம் இரண்டு சீட்டு வரும். அனுப்பாமல் விட்டால், சில சமயம் சீட்டே வராது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். எதைத் தேர்வது என்று எந்த நிரல் புத்தகத்திலும் பதில் கிடைக்காது. பதில் கல்லாவில் இருக்கிறது, பஸ் படிக்கட்டில் இருக்கிறது, அடுப்படியில் இருக்கிறது.

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். மெஷினிலிருந்து வந்த டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் கண்டக்டர் பணம் கட்ட வேண்டும். தாள் சிக்கிப் பாதியில் நின்ற டிக்கெட்டை மெஷின் இரண்டாவதாக ஒரு விற்பனை என்று எண்ணினால் அந்தக் காசு அவர் பையிலிருந்து போகும். சரி, மறுஅச்சைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா? விட்டால் ஒரே டிக்கெட்டை இருவருக்குக் கொடுத்து ஒருவர் பணத்தை மடியில் கட்டிக்கொள்ள வழி திறக்கும். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே டிக்கெட் விஷயத்தில் நியாயம், ஒருமுறைக்கு மேல் அச்சாகக் கூடாது என்ற பக்கம்தான். வராமல் போன டிக்கெட்டுக்கு மெஷினுக்கு வெளியே ஒரு வழி வைத்திருக்க வேண்டும். மெஷின் படுத்துவிட்டால் எடுத்துக் கிழிக்கப் பழைய அச்சடித்த டிக்கெட் கட்டு கையோடு இருப்பது அதனால்தான். அதைப் பழமை என்று சிரிப்பவர்கள் நடுவழியில் மெஷின் நின்றுபோன பஸ்ஸில் போகாதவர்கள்.

மளிகைக் கடையில் நியாயம் தலைகீழ். பில் வராமல் போவதுதான் கெட்டது. இரண்டு வந்தால் ஒன்றைக் கசக்கிப் போட்டுவிடலாம். ஆனால் இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். 2017 ஜூலை 1 அன்று வந்த ஜிஎஸ்டியின் விதி 46, பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத தொடர் எண்ணாக இருக்கச் சொல்கிறது. அச்சடிப்பதற்கு முன்பே, விற்பனையைப் பதிந்த கணத்திலேயே, எண் ஒட்டப்பட்டாக வேண்டும். அதன் பிறகு எத்தனை முறை அச்சடித்தாலும் அது அதே பில்தான். இரண்டாவதில் ‘நகல்’ என்று ஒரு வரி கூடுதலாக வந்தால் போதும். அச்சகத்தில் எண் அடித்து வந்த பழைய டிக்கெட் கட்டின் ஞானம் இதுவே. எண் முதலில், கைமாறுவது பிறகு. அந்த வரிசையை நாம் தொலைத்தோம். நல்ல நிரல் அதை மீட்டுத் தருகிறது.

அடுப்படிதான் கடினம். அங்கே இரண்டு தவறும் காசு. ஆர்டர் சீட்டு இரண்டு முறை விழுந்தால் மாஸ்டர் இரண்டு கொத்துப் புரோட்டா கூடுதலாகக் கொத்திவிடுவார். கொத்தியதைத் திருப்பிப் பிரிக்க முடியாது. சீட்டு விழாமல் போனால் நாலாம் மேசையில் உட்கார்ந்திருப்பவர் அரைமணி நேரம் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு நிரலுக்குள் முழுத் தீர்வு இல்லை. சீட்டில் அன்றைய வரிசை எண் பெரிதாக இருந்தால், அதே எண் மறுபடி வரும்போது மாஸ்டர் கண்டுகொள்வார். இன்னொன்று முக்கியம்: அடுப்படிச் சீட்டுக்கு ஆயுசு உண்டு. இணைப்பு அறுந்து அரைமணி கழித்து ஒட்டிக்கொண்டால், வரிசையில் தேங்கியிருக்கும் இருபது பழைய ஆர்டரையும் மடமடவென்று அடித்துத் தள்ளுவது கடமையுணர்வு ஆகாது. அதற்குள் சப்ளையர் உள்ளே போய் வாயால் சொல்லி, இலை போட்டு, சாப்பிட்டவர் கைகழுவிப் போயிருப்பார். காலம் கடந்த பணியைச் செய்யலாமா என்று நிரல் நின்று கேட்க வேண்டும்.

இவ்வளவையும் நிரலாக்கினால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. போனிலேயே ஓர் அட்டவணை. ஒவ்வொரு அச்சுப்பணிக்கும் ஒரு வரி: எந்த பில்லுக்கு உரியது, எந்தப் பிரிண்டருக்கு, எப்போது கேட்டது, எத்தனை முறை முயன்றோம், இப்போது எந்த நிலை. பில் ஒரு வரி, அதை அச்சடிக்கும் முயற்சி வேறு வரி. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் ராத்திரிக் கணக்கு இடிக்கிறது. ஒரு பிரிண்டருக்கு ஒரே ஓர் ஓட்டுநர்; இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் எண்களைத் தள்ளினால் ஒருவர் பருப்பும் இன்னொருவர் எண்ணெயும் ஒரே வரியில் கலந்து அச்சாகும். அந்த ஓட்டுநரைத் திரையோடு கட்டக் கூடாது. போனைத் திருப்பிப் பிடித்தால் திரை அழிந்து மறுபடி பிறக்கும், அதோடு இணைப்பும் போய்விடும். நடுவில் ஒரு போன்கால் வந்தாலும் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று ஆண்ட்ராய்ட் பின்னணி வேலையை நிறுத்திவிடக்கூடும். ஆகவே தனிச் சேவையாக, அறிவிப்புப் பட்டையில் தன்னைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டும். ரத்து என்ற பட்டன் இருக்கட்டும். ஆனால் வரிசையில் நிற்பதை மட்டுமே அது ரத்து செய்யும், பிரிண்டருக்குள் போய்விட்டதைத் திரும்பப் பிடிக்காது என்பதையும் அது சொல்லட்டும்.

இதில் தமிழுக்கென்று தனிச் சுமை ஒன்று இருக்கிறது. மதுரையின் சின்னக் கடைகளில் பில்லைப் பாருங்கள். சீனியும் உளுந்தம்பருப்பும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். கடைக்காரருக்கு ஆங்கில மோகம் என்று நினைக்க வேண்டாம். 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. போனில் அழகாகத் தெரிகிறது. ஆனால் இந்த மலிவுப் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை. இருந்தாலும், ‘கொ’ என்பதில் ஒரு துண்டை முன்னும் ஒரு துண்டைப் பின்னும் வைக்க அதற்குத் தெரியாது. ஆகவே தமிழ் பில்லை முழுவதும் படமாக வரைந்துதான் அனுப்ப வேண்டும். டூ இன்ச் பிரிண்டரின் அச்சு அகலம் 48 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 384 புள்ளி. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 32 எழுத்து, அதாவது 32 பைட். தமிழ் வரியை, கொம்பும் சுழியும் அறுபடாமல் இருக்க 32 புள்ளி உயரத்தில் வரைந்தால் 1,536 பைட். 48 மடங்கு. இருபது வரி பில் 640 பைட்டிலிருந்து 30,720 பைட்டாகிறது. பிரிண்டரின் சின்ன நினைவகம் திணறுகிறது. பாதியில் புரியாத குறிகளாகக் கொட்டுகிறது. பட்டை பட்டையாக நறுக்கி, நடுவே மூச்சுவிட இடம் கொடுத்து அனுப்பினால் தமிழும் ஒழுங்காக வரும். 2010-இல் உதயகுமார் வரைந்து நாடு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறிக்கும் இதே கதிதான். எழுத்தாக அனுப்பினால் அதன் இடத்தில் கேள்விக்குறி விழும். தமிழில் பில் வேண்டும் என்று கேட்பவர்கள் இல்லாததால் அந்த நாலு நாள் வேலையை யாரும் செய்வதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

பிரிண்டர் வாய்திறக்கவே திறக்காதா என்றால், திறக்கும். 16, 4, 4 என்று மூன்று எண்களை அனுப்பினால் தாள் இருக்கிறதா என்று அது பதில் சொல்ல வேண்டும் என்பது எப்சன் வகுத்த முறை. நல்ல பிரிண்டர் சொல்கிறது. மலிவான நகல்கள் பல மௌனம் சாதிக்கின்றன. இந்த மௌனத்துக்கு எதிரான கோபத்திலிருந்து ஓர் இயக்கமே பிறந்திருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. அது அடிக்கடி தாள் சிக்கி நிற்கும். பழைய பிரிண்டரில், தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதில் மூல நிரலே தரப்படவில்லை. கேட்ட இடத்தில் ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் பின்னால் இருந்த கசப்புகளில் இதுவும் ஒன்று. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இல்லாவிட்டால், காத்திருப்பவனுக்கு உண்மையைச் சொல்லவும் முடியாது. அவர் கேட்டதும் ‘தாள் வந்ததா’ என்ற கேள்விக்கு நேர்மையான பதிலைத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு, காகிதத்தையே ஒழித்துவிடலாமே என்று ஒரு கட்சி உண்டு. பில்லை வாட்ஸப்பில் அனுப்பு, டிக்கெட்டைத் திரையில் காட்டு. மரமும் மிஞ்சும். பாதி சரி. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, பதிவு பெறாத வாங்குபவர் கேட்காவிட்டால் தனி பில் தர வேண்டியதில்லை என்று ஜிஎஸ்டி சட்டமே இடம் தருகிறது. பழங்காநத்தம் உழவர் சந்தையில் கரும்பலகையில் எழுதிய விலையும் தராசும் போதும். யாரும் பில் கேட்பதில்லை. ஆனால் வாட்ஸப் பில்லுக்கு ஒரு விலை இருக்கிறது: உங்கள் போன் நம்பர். 2023-இல் மத்திய நுகர்வோர் துறையே, பில் போட நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று கடைகளுக்கு அறிவுறுத்த வேண்டிவந்தது. காகிதம் பெயர் கேட்காது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சாட்சி. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார். எத்தனை பேர் பயணம் செய்தார்கள் என்ற எண்ணிக்கை அதில் இருக்கிறது. ஜெய்ஹிந்துபுரத்தில் வீட்டுவேலை முடித்துத் திரும்பும் ஒரு பெண் தன் பயணத்தை அரசுக் கணக்கில் ஏற்றுவது அந்தப் பூஜ்ய ரூபாய்த் தாளால்தான். அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

அதே சமயம் இந்தத் தாளை நம்பி உட்காரவும் கூடாது. சூட்டில் கறுக்கிற தாள் சூட்டிலேயே கெடும். சித்திரை வெயிலில் காரின் கண்ணாடிக்கடியில் கிடந்த பில் முழுவதும் கறுத்துவிடும். எண்ணெய்க் கை பட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் எழுத்து வெளிறிப் போகும். அதில் பூசும் பிஸ்பினால்-ஏ உடலுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி முதல் கட்டுப்படுத்தியிருக்கிறது. நம் சட்டமோ ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஆறு வருஷம் நிற்க வேண்டிய கணக்கை ஒரு கோடையில் வெளிறிவிடக்கூடிய தாளில் ஒப்படைக்க முடியாது. ஆகவே சீட்டு என்பது அந்தக் கணத்துக்கு இருவருக்குமிடையில் நம்பிக்கை தருவது. கணக்கு வேறிடத்தில் நிற்க வேண்டும். விற்பனையையும் அச்சு முயற்சியையும் தனித்தனி வரியில் வை என்று முன்னால் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

பழங்காநத்தத்திலிருந்து திருப்பரங்குன்றம் ரோட்டில் கொஞ்சதூரம் போனால் பசுமலை. அமெரிக்க மிஷனின் லெனாக்ஸ் அச்சகம் அங்கேதான் இருந்தது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த அந்தக் காலத்து அச்சகம் எதிலும் வேலை முடிந்தது என்று சொன்னது இயந்திரம் இல்லை. முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மனிதர் சொன்னார். எழுத்து உடைந்திருந்தால் நிறுத்தினார், மை மங்கியிருந்தால் ஏற்றினார். பார்த்தவர் சொல்லும்வரை வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. செல்போன் நிரலில் நாம் கழற்றிவிட்டது அந்தப் பார்வையை. இயந்திரத்தின் யூகத்தை எடுத்து அந்தக் கண்ணின் இடத்தில் வைத்துவிட்டோம்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்படிச் செயலி எழுதும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கல்லூரியில் அவர்களுக்கு வரிசை, அடுக்கு என்று தரவமைப்பு சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வரிசையின் முனையில் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் நிற்கிறார் என்று சொல்வதில்லை. அவர்களிடம் கேட்பது அதிகமில்லை. எண்ணை அச்சுக்கு முன்பே ஒட்டுங்கள். தெரியாததைத் தெரிந்ததாகத் திரையில் காட்டாதீர்கள். ‘அச்சாகிவிட்டது’ என்ற பச்சை வரியை எடுத்துவிட்டு ‘பிரிண்டருக்கு அனுப்பியாச்சு’ என்று போடுங்கள். பிரிண்டர் பதில் சொல்லாத இடத்தில் கல்லாவில் நிற்பவரைக் கேளுங்கள்: “காகிதம் வந்ததா?” பக்கத்தில் இரண்டு பட்டன் போதும், வந்தது என்று ஒன்று, வரவில்லை என்று ஒன்று. அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.